கடைசிச் சுற்றுக்கு அடிக்காத மணி

டேய் கதிர்,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் என்னிடம் இரண்டு விஷயம் கேட்டாய். வருடா வருடம் வெளிநாட்டு ஓட்டக்காரர்கள் வந்து ஓடும் நம் ஊர் தடகளப் போட்டியின் பழைய முடிவுகளையெல்லாம், அதற்கு நேரம் கணக்கிடும் உங்கள் கம்பெனி திரட்டி வரலாறாகப் போடுகிறது, அதற்கு அந்தக் காலத்து அதிகாரி என்ற முறையில் நான் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றாய். ஸ்டேடியம் வாசலில் வைக்கும் கண்காட்சிக்கு நம் வீட்டுப் பரணில் இருக்கும் பித்தளை மணி வேண்டும் என்றாய். இரண்டுக்கும் சரி சொன்னேன். இந்த வருடம் சுற்று எண்ணும் மேஜையில் உனக்கும் ஒரு நாற்காலி என்று சந்தோஷமாகச் சொன்னாய், அதற்கும் சரிதான் என்றேன். போனை வைக்கப் போகும்போது மூன்றாவதாக ஒன்று கேட்டாய். "அம்மா, லிஸ்ட்ல உன் ஸ்கூல் பொண்ணு ஒருத்தங்க இருக்காங்க, அமுலுன்னு. பத்தாயிரம் மீட்டர். ஓட்டத்தை முடிக்கவில்லைன்னு போட்டிருக்கு. என்னம்மா ஆச்சு அவங்களுக்கு?" அடுப்பில் குக்கர் கத்துகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. நான்கு நாள் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது, பொறுமையாகப் படி. உன் பெண்டாட்டியும் படிக்கட்டும். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

முதலில் நீ கேட்ட வரலாறு. நாங்கள் எல்லாரும் அதை மீட் என்றுதான் சொல்வோம். நான் அதிகாரியாகச் சேர்ந்தபோது ஓடுதடம் சாம்பல் தடம். விடியற்காலையில் தண்ணீர் தெளித்து, ரோலர் உருட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டால் மத்தியானத்துக்குள் பாதிக் கோடு காற்றில் போய்விடும். வெளிநாடு என்றால் பக்கத்து நாடுகளிலிருந்து பத்துப் பேர் வருவார்கள், அவ்வளவுதான், அதற்கே வாழைமரம் கட்டி நாதஸ்வரம் வைத்தார்கள். நேரம் பார்க்கிறவர்கள் படிக்கட்டு மாதிரி ஒரு மரச்சட்டத்தில் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக உட்கார்ந்து ஸ்டாப்வாட்ச்சை அமுக்குவார்கள். இரண்டு வருடம் மழையில் நடக்கவே இல்லை. அப்புறம் சிந்தெடிக் தடம் வந்தது. ஐரோப்பாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பெரிய பெரிய ஓட்டக்காரர்கள் வந்தார்கள். எங்களுக்கெல்லாம் வெள்ளைத் தொப்பி கொடுத்து, தயிர்சாதப் பொட்டலத்தோடு ஆப்பிளும் கொடுத்தார்கள். இப்போது ஷூவில் சிப் வைத்து உங்கள் கம்ப்யூட்டரே எல்லாம் சொல்லிவிடுகிறது. ஆனால் கடைசிச் சுற்று தொடங்கும்போது இன்றைக்கும் ஒரு மனிதர்தான் எழுந்து நின்று கையால் மணி அடிக்கிறார். பல வருடம் அந்த மனிதர் நான்தான். ஆவடிப் பள்ளியில் பி.டி. டீச்சர், அதிகாரிகளுக்கான பரீட்சையில் தேறியவள், அதட்டினால் ஐந்நூறு பிள்ளைகள் அசையாமல் நிற்கும். அதனால் என்னைத்தான் சுற்று எண்ணும் மேஜைக்குத் தலைமையாகப் போட்டார்கள்.

அந்த வேலை உனக்குத் தெரியும், ஆனாலும் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்தாயிரம் மீட்டர் என்றால் இருபத்தைந்து சுற்று. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருக்கும், இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்று எண் காட்டும். முன்னால் ஓடுகிறவர் கோட்டைத் தாண்டும்போது ஓர் எண்ணைத் திருப்ப வேண்டும். ஒன்று என்று வந்ததும் மணி அடிக்க வேண்டும். மேஜையில் மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று ஓட்டக்காரர்களை வைத்துக்கொண்டு அட்டையில் கோடு போட்டுக்கொண்டே வருவார்கள். அவ்வளவுதான் வேலை. பார்க்கிறவர்களுக்கு இதற்கு ஒரு ஆளா என்று தோன்றும்.

அமுலு வேப்பம்பட்டுப் பெண். அவள் அப்பா முன்பு கழனி வேலைக்குப் போனவர், பிறகு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன். ஒன்பதாம் வகுப்பில் அவள் ரயிலைத் தவறவிட்டுவிட்டு ஸ்டேஷனிலிருந்து பள்ளி வரைக்கும் பையோடு ஓடிவந்ததை கேட்டில் நின்று பார்த்தேன். மூச்சே வாங்கவில்லை. அன்றைக்கு மாலையே அவளை மைதானத்தில் ஓட விட்டேன். நான்கு வருடம் அவளை ஓட்டினேன். அவளிடம் ஒரே ஒரு குறை. ஓடும்போது சுற்றை எண்ணிக்கொண்டே ஓடுவாள், நடுவில் குழம்புவாள், குழம்பியதும் வேகம் குறைந்துவிடும். நான் ஒருநாள் கத்தினேன். "நீ எண்ணாதடி. எண்றது என் வேலை. நான் பாத்துக்கறேன். நீ ஓடு, மணி கேட்டா மட்டும் உசுரக் குடுத்து ஓடு." அதற்குப் பிறகு அவள் எண்ணவே இல்லை. பயிற்சியில்கூட நான் கையில் மணி வைத்திருப்பேன். மணி அடித்ததும் அவள் கழுத்து கொஞ்சம் முன்னால் வரும், அப்புறம் அவளை யாரும் பிடிக்க முடியாது.

அந்த வருடம் மீட்டில் பெண்களுக்கான பத்தாயிரத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. உள்ளூர்ப் பெண் ஒருத்தி இருக்கட்டும் என்றுதான் சேர்த்தார்கள். ஆனால் விளையாட்டு கோட்டாவில் ஆள் எடுக்கிற ரயில்வே அதிகாரி ஒருவர் அன்றைக்கு வந்து காலரியில் உட்கார்ந்திருந்தார், முதல் மூன்று பேருக்குள் வந்தால் வேலை என்று என்னிடமே சொல்லியிருந்தார். அவள் வீட்டில் அதுவரைக்கும் யாரும் அரசாங்கச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டதில்லை. சாயங்காலம் நாலரை மணி வெயிலில் ஓட்டம் தொடங்கியது. பத்தாவது சுற்றிலிருந்து அமுலுதான் முன்னால். ஒவ்வொரு தடவையும் அவள் கோட்டைத் தாண்டுவாள், நான் பலகையைத் திருப்புவேன். எட்டு, ஒன்பது தடவை அப்படி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் ஆறு பாக்கி என்றபோது எதிர்ப்பக்கத்தில் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் அவளைத் தாண்டிவிட்டார்கள். முதலில் வந்தவளுக்குப் பலகையைத் திருப்பினேன், ஐந்து. பின்னாலேயே அமுலு வந்தாள். அவள் கோட்டை மிதித்ததும் என் கை மறுபடியும் திருப்பிவிட்டது, நான்கு. என் கண்ணுக்கு அவள்தானேடா முதல் ஆள்.

மேஜையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் லோகு சார். எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் கிளார்க், அதிர்ந்து பேசாத மனிதர். "டீச்சர், என் அட்டையில ஒரு சுத்து ஜாஸ்தி பாக்கி காட்டுதே" என்று மெல்லச் சொன்னார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஓடுகிறதைப் பாருங்கள் சார், அப்புறம் பேசலாம் என்று அவர் வாயை அடைத்தேன். பலகை ஒன்றுக்கு வந்தது. எழுந்து நின்று இரண்டு கையாலும் மணி அடித்தேன். அமுலுவின் கழுத்து முன்னால் வந்தது. எதிர்ப்பக்கத்தில் அவள் இரண்டு பேரையும் தாண்டியபோது ஸ்டேடியமே எழுந்து நின்று கத்தியது. அந்த இரண்டு பேரும் வேகத்தைக் கூட்டவே இல்லை. அவர்களுடைய பயிற்சியாளர்கள் காலரியிலிருந்து இரண்டு விரலைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நான் லோகு சாரின் அட்டையைப் பார்த்தேன். இன்னும் இரண்டு சுற்று இருக்கும்போது நான் மணி அடித்திருக்கிறேன்.

அந்த நிமிடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? கையைத் தூக்கி, தப்பு என்னுடையது என்று தலைமை நடுவரிடம் கத்தியிருக்க வேண்டும். நான் பலகையை ஒன்றிலேயே விட்டுவிட்டு மணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அமுலு எல்லாருக்கும் முன்னால் கோட்டைத் தாண்டி, இரண்டு கையையும் தூக்கி, நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் முகத்துக்கு நேராக நான் மறுபடியும், இந்தத் தடவை சரியான கணக்குப்படி, மணி அடித்தேன். பின்னால் வருகிறவர்களுக்கு அடிக்கிறேன் என்று நினைத்திருப்பாள். ஓடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் மணி தப்பு என்று ஆகிவிடும். அவள் புல்தரைக்குள் போய் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் அவளைத் தாண்டி ஓடினார்கள். யாரோ வந்து அவளிடம் சொன்னபோது எல்லாம் முடிந்துவிட்டது.

தலைமை நடுவர் என்னையும் அவளையும் மேஜைக்குக் கூப்பிட்டார். பெரிய நாட்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள், மீட் பேர் கெட்டுவிடும் என்று முதலிலேயே என் காதில் போட்டுவிட்டார். பிறகு எல்லார் எதிரிலும் கேட்டார். "டீச்சர், மணி ரெண்டு தடவை கேட்டுதே?" நான் சொன்னேன், "மொதல்ல கேட்டது மணி அடிச்சது இல்ல சார். மேஜையிலேர்ந்து எடுக்கறப்ப குலுங்கிடுச்சு." அவர் அதையே எழுதினார், மணியை எடுக்கும்போது எழுந்த ஓசையை ஓட்டக்காரர் தவறாகப் புரிந்துகொண்டு சுற்றை விட்டுவிட்டார் என்று. கையெழுத்துப் போட்டேன். மூன்று அடி தூரத்தில் அமுலு நின்றுகொண்டிருந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான். "எண்ண வேணாம்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?" அதட்டுகிற குரல்தானே எனக்கு, அதட்டினேன். போய் டிரஸ்ஸை மாற்று, இங்கே நின்று வாயாடாதே என்றேன். லோகு சார் தன் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் அந்த மேஜைக்கு வரவே இல்லை.

கூட்டம் கலைந்து, ரயில்வே அதிகாரியும் போன பிறகு, மணியைக் கிடங்கில் ஒப்படைக்கக் கீழே இறங்கினேன். காலரித் தூணுக்குப் பக்கத்தில் வந்தபோது தடத்தின் கோட்டில் யாரோ நிற்பது தெரிந்தது. அமுலு, கொஞ்சம் நின்றுவிட்டு வெறுங்காலோடு, பாதச் சத்தம் கேட்க ஓடத் தொடங்கினாள். தனியாக. விட்ட அந்த ஒரு சுற்றை. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, பயிற்சியில் ஓடுகிற மாதிரி. நான் மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றேன். அவள் முடித்துவிட்டுக் கோட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஷூவை எடுத்துக்கொண்டு போனாள். நான் மணியைக் கிடங்கில் கொடுக்கவில்லை. முந்தானையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். யாரும் கேட்கவும் இல்லை, அடுத்த வருடம் புது மணி வாங்கிவிட்டார்கள்.

அமுலு அதற்கப்புறம் பள்ளிக்கு வரவில்லை. நான் போய்க் கூப்பிடவும் இல்லை. நான் மட்டும் இன்னும் பல வருடம் அந்த மேஜையில் உட்கார்ந்தேன், பாராட்டுப் பட்டயம்கூட வாங்கினேன், நடுக்கூடத்தில் மாட்டியிருக்கிறதே அதுதான். ஆனால் கதிர், அந்தச் சாயங்காலம் என்னை விடவில்லை. நாலரை மணி ஆனால் நம் ஃபிளாட் மொட்டை மாடியில் வெறுங்காலில் யாரோ ஓடுகிற சத்தம் கேட்கும். எத்தனையோ தடவை ஏறிப் போய்ப் பார்த்திருக்கிறேன், துணி காயும், வேறு ஒன்றும் இருக்காது. மேலே போய் என்ன செய்கிறாய் என்று உன் அப்பா கேட்பார், வடாம் எடுக்க என்பேன். ஐஸ்காரர் மணி, கொரட்டூர் ரயில்வே கேட் மூடும்போது அடிக்கிற மணி, எதைக் கேட்டாலும் காதைப் பொத்திக்கொள்வேன். மாங்காட்டு அம்மன் கோயிலுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் கொண்டுபோவதாக வேண்டிக்கொண்டேன். ஆறாவது வாரம் தீபாராதனைக்கு மணி அடித்தார்கள், நான் பழத்தை அங்கேயே போட்டுவிட்டு வெளியே ஓடிவந்துவிட்டேன். உன் அப்பா கண் மூடும்வரை அவரிடம் காரணம் சொல்லவில்லை.

உன்னிடம்தான் அதிகம் தப்புச் செய்தேன். உனக்கு ஏழு வயதில், பரணைச் சுத்தம் செய்தபோது மணியை எடுத்து நடுவீட்டில் நின்று அடித்தாய். நான் உன்னை அடித்த அடியில் உன் காது இரண்டு நாள் சிவந்திருந்தது. எதற்கு அடித்தேன் என்று உனக்கு இன்றுவரை தெரியாது. அதைவிடப் பெரியது ஒன்று. பன்னிரண்டாவது பரீட்சைக்கு முன்னால், முதல் வேலைக்குப் பெங்களூர் கிளம்பியபோது, கல்யாணத்தன்று காலையில் மாலையோடு வந்து எல்லாம் நல்லா இருக்குமா அம்மா என்று கேட்டபோது, ஒவ்வொரு தடவையும் நான் நீயே எண்ணிப் பார்த்துக்கொள் என்றுதான் சொன்னேன். ஒருநாள் கோபத்தில் கேட்டாயே, எல்லா அம்மாவும் சொல்கிற மாதிரி ஒரு தடவையாவது நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாயா என்று. அந்த வார்த்தையை நான் ஒரு பெண்ணிடம் சொன்னேன்டா. அவள் அதை நம்பினாள். அப்புறம் அதை யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பெற்ற பிள்ளையிடம்கூட. உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை.

நீ போன் செய்த நான்காவது நாள், நேற்று வியாழக்கிழமை, மணியைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறி வேப்பம்பட்டில் இறங்கினேன். அவள் அங்கேதான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை ரயில் ஜன்னலிலிருந்து பிளாட்பாரத்தில் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்திருக்கிறேன். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை, நேற்று மதிய ஷிப்ட், அதனால் காலையில் வீட்டில் இருந்தாள். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். நாற்காலி போட்டாள், மோர் கொடுத்தாள். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அன்னிக்கே தெரியும் டீச்சர். மணி குலுங்குனா எப்டி கேக்கும், அடிச்சா எப்டி கேக்கும்னு எனக்குத் தெரியாதா? நாலு வருசம் அத்த கேட்டுகினு ஓடுனவ நானு" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள். "அத்த உடுங்க. எல்லாரும் போன பின்னாடி நான் திரும்பி வந்து ஓடுனேனே, தூணுக்குப் பின்னால நின்னு பாத்துகினு தானே இருந்தீங்க? பொடவை தெரிஞ்சிது. கையில மணி கீதுன்னும் தெரியும். அந்தச் சுத்து ஆரம்பிக்கறதுக்கு முன்ன கோட்டாண்ட நின்னேன், இப்ப அடிப்பாங்கன்னு. ஓடி முடிச்சிட்டும் நின்னேன். யாரும் இல்ல அங்க. எனக்கு மட்டும் அடிச்சிருந்தா போதும் டீச்சர், வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம், ஊட்டுக்குப் போயிருப்பேன்."

இத்தனை வருடம் அவள் என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் கதிர். அந்த ஒன்றை வைத்துத்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். நான் வெட்கம் கெட்டுப்போய்க் கட்டைப்பையிலிருந்து மணியை எடுத்து, வா அமுலு, இந்த ஊர்ப் பள்ளி மைதானம் பக்கத்தில்தானே, இப்போது அடிக்கிறேன் என்றேன். அவள் சிரித்தாள். கேலியாக இல்லை, சின்னப் பிள்ளை ஏதோ கேட்டால் சிரிக்கிற மாதிரி. "முட்டி ரெண்டும் போயிடுச்சி டீச்சர். இப்ப அடிச்சி இன்னா?" என்றாள். கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னாள். அவள் மகள் போனில் தேடிப் பார்த்திருக்கிறாள். உங்கள் கம்பெனி இணையத்தில் புதிதாக ஏற்றிய பட்டியலில் அம்மா பெயர் வந்ததும் குதித்திருக்கிறாள், பக்கத்தில் முடிக்கவில்லை என்று இருந்ததும் ஏன்மா பாதியில் விட்டாய் என்று கேட்டிருக்கிறாள். "அதுக்கு நான் இன்னா சொல்றது, நீங்களே சொல்லுங்க" என்றாள் அமுலு. அந்தப் பட்டியலை ஏற்றியது நீ. பொய் என்னுடையது, ஆனால் இப்போது அது உன் கையெழுத்தில் ஊர் சுற்றுகிறது.

அதனால் இதோடு இரண்டு பொருள் வருகிறது. ஒன்று மணி. இன்னொன்று லோகு சாரின் அட்டை. அவர் ரிட்டையர் ஆன வருடம் வீட்டுக்கு வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவரும் இப்போது இல்லை. அதில் அமுலுவுக்கு எதிரே கோடுகளை எண்ணிப் பார், எந்தச் சுற்றில் மணி அடித்தது என்று ஓரத்தில் அவர் கையால் எழுதியிருக்கிறது. பட்டியலை மாற்று. மீட் பேர் கெட்டுவிடும் என்று யாராவது உன் காதில் போடுவார்கள், எனக்கும் அப்படித்தான் போட்டார்கள். நீ அந்த மேஜையில் உட்காரும்போது உனக்குப் பிடித்தவரைப் பார்க்காதே, முன்னால் வருகிறவரைப் பார். பக்கத்தில் இருப்பவர் மெல்லச் சொன்னாலும் திரும்பிக் கேள். தப்பு நடந்தால் அந்த நிமிடமே கையைத் தூக்கிவிடு, அடுத்த நிமிடம் கை தூக்க வராது. உன் பிள்ளைகளிடம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தாராளமாகச் சொல். சொல்லிவிட்டுப் பார்த்துக்கொள்.

கண்காட்சியில் மணிக்குக் கீழே சீட்டு வைப்பீர்களே, அதில் பழங்காலப் பித்தளை மணி என்று எழுதாதே. பத்தாயிரம் மீட்டரில் இது ஒரு சுற்று முன்னதாக அடிக்கப்பட்டது, அமுலு ஓடிய கடைசிச் சுற்றுக்கு அடிக்கப்படவே இல்லை என்று எழுது. அடித்தவர் என்று என் பெயரைப் போடு, என் அம்மா என்றும் போடு. உனக்கு அதை எழுதக் கை வரவில்லை என்றால் பரவாயில்லை கண்ணா, சீட்டை வெற்றாக வை. மீட் நடக்கும் அத்தனை நாளும் நான் வந்து மணிக்குப் பக்கத்தில் நிற்கிறேன், கேட்கிறவர்களுக்கெல்லாம் நானே சொல்கிறேன். அமுலுவின் மகளும் வருவாள், அவளிடம் முதலில் சொல்கிறேன்.

அம்மா
கொரட்டூர்